பிக்கப்பின் பின் ஆக்சிலில் ஓயாத ஆயில் கசிவு: காரணத்தைப் பிடித்து நிறுத்தும் முழுமையான வழிகாட்டி

ஆக்சிலின் ஆயில் சீலை, அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் உதட்டு வளையத்தை, மாற்றி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. அதே சக்கரத்தின் உள்பக்கம் மறுபடியும் கறுப்பாக நனைந்து, டிரம்மின் அடியிலிருந்து சொட்டத் தொடங்கியிருக்கும். உடனே சீல் மட்டம் என்று முடிவு கட்டி, வேறு கம்பெனி சீலைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதுவும் சில மாதங்களில் கசியும். ஆயில் சீல் தானாகக் கெடுவது வயதானால்தான். புது சீல் சீக்கிரம் கெட்டால் அதைக் கெடுக்கும் வேறொன்று ஆக்சிலில் இருக்கிறது. பெரும்பாலும் அது இந்த ஐந்தில் ஒன்று: அடைத்துப்போன பிரீதர் (ஆக்சிலின் காற்றுத்துளை), ஆட்டம் கண்ட பேரிங், வரி விழுந்த ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு), வளைந்த ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு), சீல் போட்ட விதம். எது என்று தெரியாமல் இரண்டாவது சீலை வாங்காதீர்கள்.

உங்கள் ஆக்சில் எந்த வகை

வேலையின் முறை முழுக்க இதைப் பொறுத்தது. பிக்கப்புகளில் மூன்று அமைப்புகள் பரவலாக உண்டு.

முதல் வகையில் பேரிங் ஷாஃப்ட்டோடு சேர்த்து அழுத்தப்பட்டு, ஒரு இரும்புக் காலர் அதைப் பிடித்திருக்கும். பிரேக் பிளேட்டுக்குப் பின்னால் நான்கு நட்டுகளைக் கழற்றினால் ஷாஃப்ட், பேரிங், பிளேட் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். இரண்டாவது வகையில் ஷாஃப்ட்டின் உள்முனையை டிஃப்ரன்ஷியலுக்குள் (ஆக்சிலின் நடுவே இருக்கும் கியர் தொகுதி) ஒரு சி கிளிப் பிடித்திருக்கும். இதைக் கழற்ற ஹவுசிங்கின் பின்மூடியைத் திறந்தே ஆக வேண்டும். பேரிங்கின் உருளைகள் நேரடியாக ஷாஃப்ட்டின் மேலேயே ஓடும். மூன்றாவது, அதிக பாரம் ஏற்றும் வண்டிகளில் வரும் முழு மிதவை ஆக்சில். சக்கரத்தின் நடுவே ஹப் துருத்திக்கொண்டிருக்கும், அதன் முகத்தில் வட்டமாக போல்ட்டுகள் இருக்கும். வண்டியின் பாரம் ஷாஃப்ட்டில் இறங்காது. சக்கரத்தைக் கழற்றாமலேயே ஷாஃப்ட்டை உருவிவிடலாம்.

கசிவு எங்கே பிறக்கிறது

நனைந்திருக்கும் இடமும் கசியும் இடமும் ஒன்றல்ல. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், நிற்கும்போது அது கீழே இறங்கும். அதனால் நனைந்த பகுதியில் எது மிக மேலேயும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

முதலில் அது ஆக்சில் ஆயில்தானா என்று பாருங்கள். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை மூக்கில் ஏறும், விரலில் தேய்த்தால் வழவழப்பு போகாது. பிரேக் ஆயில் நீர்த்துப்போய் இருக்கும், தண்ணீரில் கரையும், பெயிண்ட்டை உரிக்கும். டிரம்முக்குள் ஈரம் என்றதும் ஆக்சில் சீலைக் கழற்றிவிட்டு, பிறகு வீல் சிலிண்டர்தான் கசிந்தது என்று தெரிந்துகொள்வது அடிக்கடி நடக்கிறது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஓரத்தில் லேசாகத் தூக்கிப் பார்த்தால் போதும். உள்ளே திரவம் தேங்கியிருந்தால் குற்றவாளி அதுதான். கியர்பாக்ஸ் பின் சீலில் கசியும் ஆயிலும், கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் நீண்ட ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியே பின்னால் தெறித்து ஆக்சிலை நனைக்கும். அதையும் விலக்கிவிடுங்கள்.

அடுத்து ஹவுசிங்கை முழுக்கக் கழுவுங்கள். டீகிரீசர் போட்டுத் தேய்த்து, கழுவி, பிரேக் கிளீனர் அடித்து, நன்றாகக் காய விடுங்கள். காய்ந்த உலோகத்தின் மேல் டால்கம் பவுடரை மெல்லிய படலமாகத் தூவி, ஆக்சில் சூடாகும்வரை 20, 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு தெளிவாகத் தெரியும்.

தடத்தைப் படிப்பது இப்படி. வண்டியின் அடித்தகட்டில் பினியனுக்கு (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் கியர்) நேர் மேலே ஒரே கோடாக ஆயில் தெறித்திருந்தால் பினியன் சீல், ஏனென்றால் அங்கே சுழலும் ஃபிளாஞ்சு (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை இணைக்கும் தகடு) அதை வட்டமாக வீசுகிறது. பிரேக் பிளேட்டின் அடியிலும் டயரின் உள்பக்கமும் ஈரம் என்றால் சக்கரப் பக்க சீல். பின்மூடியின் கீழ் உதட்டில் சொட்டு நின்றால் மூடி. ஹவுசிங்கின் தலையில் பிரீதரைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் ஆயில் அதிகம், அல்லது நுரைக்கிறது. டிஃப்ரன்ஷியல் இருக்கும் நடுக் குடத்தோடு குழாய் சேரும் இடத்திலோ ஸ்பிரிங் உட்காரும் தகட்டின் ஓரத்திலோ மெல்லிய ஈரக்கோடு எழுந்தால் வெல்டில் விரிசல்.

பிரீதர்: ஐந்து நிமிட வேலை

ஆக்சிலுக்குள் ஆயிலுக்கு மேலே காற்று இருக்கிறது. ஓடும்போது ஆயிலோடு சேர்ந்து அதுவும் சூடாகிறது. 25 டிகிரியில் அடைபட்ட காற்று 90 டிகிரிக்குப் போனால், வெளியேற வழியில்லாதபோது அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அதாவது சுமார் 0.2 பார் கூடும். ஆயிலும் விரிந்து காற்றின் இடத்தைச் சுருக்குவதால் உண்மையான அழுத்தம் அதற்கும் மேலே போகும். சீலின் உதடு, அதாவது ஷாஃப்ட்டை உரசி நிற்கும் ரப்பர் விளிம்பு, ஆயிலைத் தடுக்கச் செய்யப்பட்டதே ஒழிய அழுத்தத்தைத் தாங்க அல்ல. எந்த சீல் பலவீனமோ அதன் வழியே ஆயில் வெளியே தள்ளப்படும். அந்த சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான சீல் கசியும். ஒரு பக்கம் மாற்றியதும் மறுபக்கம் தொடங்குகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிரீதரைத்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கி உறிஞ்சும். பிரீதர் அடைத்திருந்தால் அந்த உறிஞ்சல் சீலின் உதடு வழியே தண்ணீரையும் மண்ணையும் உள்ளே இழுக்கும். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அந்த மண் உதட்டை அறுத்துவிடும்.

பிரீதர் பெரும்பாலும் ஆக்சில் குழாயின் மேல்பக்கம் சிறு தொப்பி போல இருக்கும். சில வண்டிகளில் பிரேக் குழாய் பிரியும் இடத்தைப் பிடிக்கும் துளையிட்ட போல்ட்டே பிரீதர். சாதாரண போல்ட்டு என்று நினைத்து யாராவது வேறு போல்ட்டைப் போட்டிருந்தால் ஆக்சில் மூச்சுவிட வழியே இருக்காது. கழற்றி, பிரேக் கிளீனரில் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள், காற்று தடையில்லாமல் போக வேண்டும். தொப்பி விரலால் சுற்றினால் லேசாக ஆட வேண்டும். துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு ஹவுசிங் பக்க வழியையும் திறந்துவிடுங்கள், ஆனால் அழுக்கை உள்ளே தள்ளாதீர்கள். சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டி என்றால் பிரீதரிலிருந்து ஆயில் தாங்கும் ரப்பர் குழாய் ஒன்றை சேசிஸ் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். ஆக்சில் மேலும் கீழும் ஆடும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வும், எங்கும் மடிந்து நசுங்காத பாதையும் அதற்கு வேண்டும்.

கூடவே ஆயில் மட்டத்தையும் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க, ஊற்றும் துளையின் கீழ்விளிம்புவரை ஆயில் இருந்தால் சரி. முன்சக்கரத்தை மட்டும் தூக்கியோ சரிவில் நிறுத்தியோ ஊற்றினால் மட்டம் தவறிவிடும். அதிகமான ஆயில் திருப்பங்களில் குழாய் வழியே ஓடி சீலில் தேங்கும், நுரைத்து பிரீதர் வழியாகவும் வரும்.

வேலைக்கு முன்

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும் என்பதால் கட்டைதான் ஒரே பிடி. ஜாக்கியால் தூக்கியதும் சேசிஸின் அடியில் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே கீழே போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் படுக்காதீர்கள்.

இன்னொரு பழக்கம்: ஆயிலை வடிக்கும் முன் ஊற்றும் பிளக்கைத் திறந்து பாருங்கள். வடித்த பிறகு அது திறக்க மறுத்தால், ஆயில் ஊற்ற வழியில்லாத வண்டி கையில் இருக்கும்.

வடித்த ஆயிலும் பிளக்கின் காந்தமும் நிறையச் சொல்லும். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாக இருப்பது இயல்பு. மின்னும் செதில்களோ துண்டுகளோ கிடந்தால் பேரிங்கோ கியரோ உடைகிறது. அப்போது சீல் மட்டும் போட்டுப் பயனில்லை.

சக்கரப் பக்க சீல்: காலர் வகை

தேவையானவை: சீல், பிரேக் பிளேட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே வரும் ஓ ரிங் அல்லது கேஸ்கெட், பேரிங், காலர், ஏபிஎஸ் இருந்தால் அதன் பல் வளையம் மாற்றத் தயாராக ஒன்று. ஹைட்ராலிக் பிரஸ் அவசியம். பேரிங்கை மாற்றும்போது பழைய காலரைத் திரும்பப் போடக்கூடாது. ஒருமுறை அழுத்திக் கழற்றிய காலரின் பிடி தளர்ந்திருக்கும். அது வழுக்கினால் ஓடும் வண்டியிலிருந்து சக்கரமும் ஷாஃப்ட்டும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

1. சக்கரம், டிரம், ஏபிஎஸ் சென்சார், ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் குழாய் என்று வரிசையாகக் கழற்றுங்கள். குழாயின் வாயை ரப்பர் மூடியால் அடையுங்கள்.

2. நான்கு நட்டுகளையும் கழற்றும் முன் ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்சை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. ஷாஃப்ட் நடுவில் நிற்காமல் தள்ளாடும்போது எந்த உதடும் அதோடு சேர்ந்து ஓட முடியாது. மீண்டும் மீண்டும் கசியும் ஆக்சில்களில் சீலை மட்டும் மாற்றிவிட்டு பேரிங்கைத் தொடாமல் விட்டிருப்பதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது.

3. ஷாஃப்ட்டை நேராக இழுங்கள். வரவில்லை என்றால் ஸ்லைடு ஹாமர் போடுங்கள். வரும்போது ஷாஃப்ட்டின் எடை சீலின் மேல் விழாமல் அடியில் கை கொடுங்கள்.

4. பழைய சீலைப் பிடுங்குவதற்கு முன், ஹவுசிங்கின் முகத்திலிருந்து சீலின் முகம் எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியர் காலிபரால் நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். முன்பு போட்டவர் அதிகம் தட்டி இறக்கியிருந்தால், உதடு காலரின் மெருகிட்ட பரப்பைத் தாண்டி அதன் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். நான்கு அளவுகளும் வேறுபட்டால் சீல் சாய்ந்து ஏறியிருக்கிறது. அளக்காமல் பிடுங்கிவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும்.

5. கழற்றிய சீலைக் கையில் வைத்துப் பாருங்கள். உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் நடுவில் இல்லை. உதட்டில் ஒரே இடத்தில் வெட்டு இருந்தால் ஷாஃப்ட்டை ஏற்றும்போது அதன் முனையிலுள்ள பல் வரிகள் (ஸ்பிளைன்) கிழித்திருக்கின்றன. உதடு கல்லாகி விரிந்திருந்தால் அதிக சூடு, அல்லது உலர்ந்த உதட்டோடு ஓடியிருக்கிறது. உள்ளே இருக்கும் சிறு சுருள் ஸ்பிரிங் இடம் மாறியிருந்தால் தட்டும்போதே அது கழன்றிருக்கிறது.

6. உதடு ஓடும் பரப்பை நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால் அந்தப் பரப்பில் புது சீல் நிற்காது. காலர் என்றால் புதுசு, ஷாஃப்ட் என்றால் ஷாஃப்ட்டை மாற்றுவதுதான் சரி. நகம் சிக்காத லேசான கறையை மட்டும் 400 எமரி பட்டையால் துடைக்கலாம். அதிலும் பட்டை ஷாஃப்ட்டைச் சுற்றி நேராக ஓட வேண்டும். பட்டையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத திருகுக் கோடுகள் விழும். சுழலும்போது அவை மரை போல வேலை செய்து ஆயிலை உதட்டுக்கு அடியில் வெளியே பம்ப் செய்யும். பரப்பு பளபளவென்று இருந்தும் கசியும் மர்மங்களில் சிலவற்றுக்கு விடை இதுதான்.

7. பேரிங் மாற்றுவதானால் பழைய காலரை கிரைண்டரால் முக்கால் ஆழம் அறுத்து, உளியால் ஒரு தட்டுத் தட்டிப் பிளக்கவும். ஷாஃப்ட்டில் கிரைண்டர் படக்கூடாது. பட்ட கீறல் வழியாக காலருக்கு அடியிலேயே ஆயில் ஊர்ந்து வரும், அதை எந்த சீலும் தடுக்காது. கேஸ் கட்டர் வைத்துச் சூடாக்கவும் வேண்டாம், ஷாஃப்ட்டின் பதம் போய்விடும். புது பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்றும்போது விசை உள்வளையத்தில் மட்டும் இறங்க வேண்டும். காலர் பேரிங்கில் இடைவெளி இல்லாமல் முட்ட வேண்டும்.

8. ஹவுசிங்கின் குழியைத் துடைத்து, துருவைச் சுரண்டி, ஓரத்தில் பிசிறு இருந்தால் நீக்குங்கள். சீலின் வெளிச்சுற்று ரப்பர் பூசியதா என்று பாருங்கள். ரப்பர் என்றால் லேசாக ஆயில் தடவினால் போதும். வெறும் உலோகம் என்றால் வெளிச்சுற்றில் மெல்லிய படலமாக சீலண்ட் தடவலாம், உதட்டில் ஒரு துளியும் படக்கூடாது.

9. ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி உள்ளே. அந்தப் பள்ளத்தில் கிரீஸை நிரப்புங்கள். தட்டும் அதிர்வில் ஸ்பிரிங் தெறிக்காமல் அது பிடித்துக்கொள்ளும், முதல் சில நிமிடம் உதடு உலர்ந்து ஓடாமலும் காக்கும். சீலின் வெளிவிளிம்புக்குச் சமமான வட்ட டிரைவரை வைத்து, மேனுவல் சொல்லும் ஆழத்துக்கு நேராக இறக்குங்கள். சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டி இறக்கினால் சீல் எளிதில் சாய்ந்துவிடும். முடிந்ததும் மறுபடி நான்கு இடத்தில் அளவு.

10. ஷாஃப்ட்டை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளிமுனையைத் தாங்க, மற்றவர் ஸ்பிளைன் உதட்டைத் தொடாமல் நடுவில் போகிறதா என்று பார்க்க வேண்டும். புது சீல் முதல் நாளே கசிவதற்கு இந்தப் பத்து விநாடி அவசரமே பெரிய காரணம்.

சி கிளிப் வகையில் மாறுபடுவது

பின்மூடியைத் திறந்து ஆயிலை வடித்து, குறுக்குப் பின்னைப் பிடித்திருக்கும் சிறு லாக் போல்ட்டைக் கழற்றிப் பின்னை உருவுங்கள். அந்த போல்ட் உடைவது உண்டு, நிதானமாகச் சுற்றுங்கள். ஷாஃப்ட்டை உள்ளே தள்ளினால் சி கிளிப் விடுபடும். பின் வெளியே இருக்கும்போது டிஃப்ரன்ஷியலைச் சுற்றக்கூடாது, சுற்றினால் சிறு கியர்கள் உருண்டு கீழே விழும்.

இங்கே ஷாஃப்ட்டே பேரிங்கின் உள்வளையம். உருளைகள் ஓடிய இடம் பொரிந்து, குழி விழுந்து, பள்ளமாகியிருந்தால் புது பேரிங்கும் புது சீலும் அதன் மேல் வீணாகும். ஷாஃப்ட்டை மாற்றுவதுதான் நல்லது. உருளைகள் தேயாத பகுதியில் ஓடும்படி இடம் மாற்றி அமைத்த, சீலும் சேர்ந்த ரிப்பேர் பேரிங் சில ஆக்சில்களுக்குக் கிடைக்கும். குழி ஆழமில்லாமல் இருந்தால் மட்டும் அது தீர்வு. ஷாஃப்ட் உள்ளே வெளியே சிறிது நகர்வது இந்த வகையில் இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேலும் கீழும் ஆடினால்தான் கோளாறு.

முழு மிதவை வகையில் மாறுபடுவது

பெரிய சீல் ஹப்புக்குள் இருக்கும், அதன் உதடு ஸ்பிண்டிலின் (ஹவுசிங் முனையின் அசையாத குழாய்) மேல் ஓடும். ஹப் பேரிங் தளர்ந்திருந்தால் ஹப் சாய்ந்து சீலைத் தின்னும். சீல் போட்ட கையோடு ஸ்பிண்டில் நட்டை மேனுவல் சொல்லும் முறையில் டைட் செய்து, தளர்த்தி, லாக் செய்யுங்கள், கை அளவில் விடாதீர்கள். ஷாஃப்ட் முகத்தின் கேஸ்கெட்டில் கசியும் ஆயில் ஹப்பின் வெளிமுகத்தில் கதிர்கதிராகத் தெரியும். உள்சீல் கசிவு அங்கே வராது.

இந்த வகையில் பலர் மறப்பது ஒன்று: பல ஆக்சில்களில் ஹப் பேரிங்குகள் ஆக்சில் ஆயிலில்தான் ஓடுகின்றன. புதிதாகக் கட்டியதும் அவை உலர்ந்திருக்கும். பேரிங்கில் ஆயிலைத் தடவிப் போட்டு, ஆயில் நிரப்பிய பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி ஆயில் மறுபக்க ஹப்புக்கு ஓடும்வரை சில நிமிடம் வைத்து, பிறகு பக்கத்தை மாற்றுங்கள். இறக்கியதும் மட்டம் குறைந்திருக்கும், மறுபடி நிரப்புங்கள்.

எல்லாம் சரி, ஒரே பக்கம் மட்டும் விடாமல் கசிகிறது

ஹவுசிங் வளைந்திருக்கலாம். அதிக பாரமும் பெரிய பள்ளங்களும் குழாயை மேல்நோக்கியோ பின்நோக்கியோ வளைக்கும். கண்ணுக்குத் தெரியாத வளைவே சீலைத் தின்னப் போதும். அந்தப் பக்க டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்வது முதல் அறிகுறி.

முன்பின் வளைவை வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: இரண்டு பின் டயர்களின் நடுவிலும் ஒவ்வொரு சாக்பீஸ் குறி போட்டு, குறிகள் முன்பக்கம் ஹப் உயரத்தில் இருக்கும்போது இரண்டுக்கும் இடையே அளவெடுங்கள். வண்டியை அரைச் சுற்று உருட்டி, அதே குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆக்சிலை அலைன்மெண்ட் கருவியில் காட்டிவிடுங்கள். இன்னொரு வழி, சீல் இல்லாமல் ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் மட்டும் பொருத்தக்கூடிய ஆக்சிலில் ஷாஃப்ட்டுக்கும் சீல் குழிக்கும் உள்ள இடைவெளியை மேல், கீழ், முன், பின் என நான்கு இடத்தில் பார்ப்பது. ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகினால் வளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஷாஃப்ட் ஃபிளாஞ்சில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஷாஃப்ட் வளைந்ததா என்பதும் தெரியும்.

பினியன் சீல்

இங்கே சீல் மாற்றுவது எளிது, நட்டைத் திரும்ப டைட் செய்வதுதான் ஆபத்து. பினியன் பேரிங்குகளுக்கு இடையே நசுங்கும் ஸ்லீவ் உள்ள ஆக்சில்களில் நட்டின் இறுக்கம்தான் பேரிங்கின் பிரீலோடை (பேரிங்கில் முன்கூட்டியே ஏற்றி வைக்கும் அழுத்தம்) நிர்ணயிக்கிறது. இம்பாக்ட் கன் வைத்து முறுக்கினால் ஒரு விநாடியில் அளவு தாண்டி, பேரிங் சூடேறி, சில ஆயிரம் கிலோமீட்டரில் கியரோடு சேர்ந்து போய்விடும். தளர்வாக விட்டால் பினியன் ஆடி, புது சீலும் கசியும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சோடு சேர்த்துக் குறி போடுங்கள். கிராஸ் ஜாயிண்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள், அதன் அதிர்வும் பினியன் சீலைக் கெடுக்கும். ஃபிளாஞ்சை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் வேலை, சீல் மட்டும் போடுவது வீண்.

டிரம்களைக் கழற்றி பிரேக்கின் உரசலை நீக்குங்கள். சிறு அளவுகளைக் காட்டும் டயல் டார்க் ரெஞ்சால் நட்டைச் சில சுற்று சீராகச் சுற்றி, சுழலும்போது முள் காட்டும் அளவை எழுதுங்கள், கிளம்பும்போது காட்டும் அளவு வேண்டாம். நட்டு, பினியன் ஷாஃப்ட் முனை, ஃபிளாஞ்சு மூன்றிலும் ஒரே கோடாகக் குறி போட்டு, வெளியே தெரியும் மரைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு ஃபிளாஞ்சைப் பிடிப்பானால் பிடித்து நட்டைக் கழற்றி, புல்லரால் ஃபிளாஞ்சை எடுங்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள்.

ஃபிளாஞ்சின் கழுத்தில் உதடு ஓடிய வரி நகத்தில் சிக்கினால் புது ஃபிளாஞ்சு, அல்லது சுமார் 0.28 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு ரிப்பேர் ஸ்லீவ். பினியன் கசிவு திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் இந்த வரியே காரணம்.

கசிவு ஃபிளாஞ்சுக்குப் பின்னால் இல்லாமல் நட்டின் நடுவிலிருந்து வந்தால் சீலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆயில் ஸ்பிளைன் பள்ளங்கள் வழியே ஊர்ந்து வருகிறது. ஃபிளாஞ்சின் ஸ்பிளைனிலும் வாஷரின் அடியிலும் ஆயில் தாங்கும் சிலிகான் தடவி ஏற்றினால் நிற்கும்.

புது நட்டைப் போட்டு, சிறிது சிறிதாக டைட் செய்து, ஒவ்வொரு முறையும் சுழற்சி அளவைப் பாருங்கள். முன்பு எழுதிய அளவு வந்ததும், அதற்கு மேல் 0.3 முதல் 0.5 நியூட்டன் மீட்டர் கூட்டி நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, நசுங்கிய ஸ்லீவ் மீளாது. புது ஸ்லீவ் போட்டுத்தான் ஆக வேண்டும். ஷிம் (அளவு சரிசெய்யும் மெல்லிய தகடு) அல்லது கெட்டி ஸ்பேசர் உள்ள ஆக்சிலில் இந்தச் சிக்கல் இல்லை, மேனுவலில் உள்ள டார்க் போதும்.

மூடி, பிளக், வெல்டு

தகட்டு மூடியில் போல்ட்டுத் துளைகளைச் சுற்றி உள்ளே குழிந்திருந்தால் யாரோ அதிகம் முறுக்கியிருக்கிறார்கள். தட்டையான பலகை மேல் வைத்துத் தட்டி நேராக்குங்கள். பழைய கேஸ்கெட்டை இரு முகத்திலும் சுரண்டி, கிளீனரால் துடைத்து, கை படாமல் வையுங்கள். சிலிகான் என்றால் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனில் விடுபடாத ஒரே கோடு, போல்ட்டுத் துளைகளின் உள்பக்கமாக. குறுக்கு நெடுக்காகச் சீராக டைட் செய்யுங்கள். டியூபில் சொல்லும் நேரம்வரை காயவிடாமல் ஆயில் ஊற்றினால் செய்த வேலை போயிற்று.

முன்பக்கம் கழன்று வரும் குடம் உள்ள ஆக்சிலில் ஸ்டட்டுகளின் மரை வழியாகவும் ஆயில் வரும். செம்பு வாஷர்கள் வந்த இடத்தில் செம்பு வாஷரே போடுங்கள், மரையில் சீலண்ட் தடவுங்கள். வடிகால் பிளக்கின் நசுங்கும் வாஷர் ஒருமுறைக்குத்தான்.

வெல்டு விரிசலை வெளியிலிருந்து எபாக்சி பூசி மூடினால் உள்ளிருந்து ஆயில் தள்ளிக்கொண்டே இருக்கும், விரிசலும் நீளும். வார்ப்பிரும்புக் குடத்தை எஃகுக் குழாயோடு வெல்டு செய்ய முன்சூடும் நிக்கல் ராடும் தெரிந்த கை வேண்டும், ஹவுசிங் வளையாமலும் பார்க்க வேண்டும். சீலை உப்ப வைக்கும் கசிவு நிறுத்தி மருந்துகளை ஆயிலில் ஊற்ற வேண்டாம். உப்பிய ரப்பர் சீக்கிரம் கெட்டுவிடும், கசிவின் காரணம் உள்ளேயே இருக்கும்.

பிரேக்கை மறக்காதீர்கள்

ஆயில் குடித்த பிரேக் ஷூவைக் கழுவியோ நெருப்பில் காட்டியோ திரும்பப் போடக்கூடாது. மேலே காய்ந்தது போலத் தெரியும், டிரம் சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் வெளியே வந்து ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். டிரம்மையும் பிளேட்டையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். பிரேக் தூளைக் காற்றால் ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் எடுங்கள். பிரேக் குழாயைத் திறந்ததால் உள்ளே புகுந்த காற்றையும் வெளியேற்ற வேண்டும்.

ஆயிலும் சோதனையும்

பெரும்பாலான பிக்கப் ஆக்சில்கள் 2 முதல் 4 லிட்டர் பிடிக்கும். மேனுவல் சொல்லும் தரம்தான், வழக்கமாக ஜிஎல்-5, 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90, பாரம் இழுக்கும் வண்டிகளில் சிலவற்றுக்கு 75டபிள்யூ-140. கிளட்ச் தட்டுகள் உள்ள லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் என்றால் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் எனும் கலவை மருந்து தேவைப்படலாம். பொதுவாக 100 முதல் 120 மில்லி, ஆயிலிலேயே கலந்து வந்தால் தனியாக வேண்டாம்.

ஆக்சில் வெளிப்புறத்தை மறுபடி சுத்தமாகத் துடைத்துவிட்டு 50 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பிரேக் பிளேட்டின் அடியில் மெல்லிய கிரீஸ் கசிவு தெரிந்தால் பதற வேண்டாம், சீல் பொருத்தும்போது உதட்டில் ஒட்டிய கிரீஸாக இருக்கலாம். துடைத்துவிடுங்கள், அப்படியென்றால் திரும்ப வராது. கந்தக வாடையோடு வந்தால் அது கியர் ஆயில். சக்கர நட்டுகளை 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயில் மட்டத்தைப் பார்த்து, வண்டி நின்றதும் ஹவுசிங்கின் இரு முனையையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். மாற்றிய பக்கம் மட்டும் மறுபக்கத்தைவிடக் கையில் சுடுகிறது என்றால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் ஷூ உரசுகிறது. அதை விட்டால் அந்தச் சூடே இந்த சீலையும் கருக்கிவிடும், அன்றே டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்.